மோட்டார் சர்ஃப் பலகை ஓட்டக் கற்பது எப்படி? தொடக்கம் முதல் பறப்பது வரை

அலைச்சறுக்கில் பாதி நாள் காத்திருப்பிலேயே போய்விடும். பலகையில் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளி, அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய், தோதான அலை வரும்வரை மிதந்து கிடக்க வேண்டும். மோட்டார் பொருத்திய பலகையில் அந்தக் காத்திருப்பு கிடையாது. ஏரி, காயல், கழிமுகம், காற்றில்லாத காலைக் கடல் என ஆழமும் அமைதியும் உள்ள எந்த நீரிலும் ஓட்டலாம்.

சரி, அப்படியானால் சுலபம்தானே என்று தோன்றும். அலையின் வேலையை மோட்டார் செய்கிறது, உண்மைதான். ஆனால் அந்த மோட்டார் ரிமோட்டில் இருக்கும் ஒரு சின்ன ட்ரிகருக்குக் கட்டுப்பட்டது, ட்ரிகர் உங்கள் ஆள்காட்டி விரலுக்கு. வருஷக்கணக்காக சர்ஃபிங் செய்தவர் திணறுவதும், பலகையையே தொட்டிராதவர் மதியத்துக்குள் எழுந்து நிற்பதும் இதில் நடக்கும். கால் பழகுவதைவிட அந்த விரல் பழகுவதுதான் பெரிய வேலை. கீழே வரும் படிகள் எல்லாமே அதற்குத்தான்.

எந்தப் பலகை?

மூன்று வகை இருக்கின்றன.

முதலாவது பெட்ரோல் பலகை. செக் நாட்டில் மார்ட்டின் ஷுலா உருவாக்கிய ஜெட்சர்ஃப் இதில் பேர்போனது. கார்பன் ஃபைபர் உடம்பு, சுமார் 100 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். தண்ணீரை அடியில் உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும். மணிக்கு 50 கி.மீ.யைத் தாண்டும். முன்முனையில் கட்டிய கயிற்றின் நுனியில் கைப்பிடி, அதிலேயே ஆக்சிலரேட்டர், கால்களுக்குப் பட்டை. மோட்டோசர்ஃப் பந்தயங்கள் இந்த வகையைச் சுற்றித்தான் வளர்ந்தன. 2025இல் சீனாவின் செங்டு நகரில் நடந்த வேர்ல்டு கேம்ஸ் என்ற பன்னாட்டு விளையாட்டு விழாவிலும் மோட்டோசர்ஃப் இடம்பெற்றது. இரைச்சலும் புகையும் உண்டு. ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள் உங்களை வாழ்த்தப் போவதில்லை.

இரண்டாவது மின்சார ஜெட்போர்டு. ஸ்வீடனின் அவேக், ராடின் போன்ற நிறுவனங்கள் செய்தவை. அதே பீய்ச்சும் முறைதான், பெட்ரோலுக்குப் பதில் பேட்டரி. வேகம் பிரமாதம். ஆனால் முறுக்கிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்தில், கூடிப்போனால் முக்கால் மணியில் சார்ஜ் தீர்ந்துவிடும். சின்னப் பலகைகளில் இன்னொரு சிக்கல்: நின்றபடி மெதுவாகப் போனால் அமிழ்ந்துவிடும், நிற்பதற்கே வேகம் வேண்டும். புதியவருக்கு இது நல்லதல்ல.

மூன்றாவது இ-ஃபாயில். பலகைக்கு அடியில் ஒரு தண்டு, தண்டின் கீழே இறக்கை. வேகமெடுத்ததும் பலகை தண்ணீரை விட்டு எழுந்து, சத்தமில்லாமல் மேலே மிதந்து போகும். போர்ட்டோ ரிக்கோவின் லிஃப்ட், ஆஸ்திரேலியாவின் பைரன் பே ஊரில் தொடங்கிய ஃபிளைட்போர்டு இரண்டும் முன்னோடிகள். நீருக்கடியில் இறக்கை வைக்கும் யோசனை மட்டும் பழையது. இத்தாலியின் என்ரிகோ ஃபோர்லானினி 1906இலேயே மஜோரே ஏரியில் அப்படி ஒரு படகை ஓட்டினார். தொலைபேசியால் நாம் அறிந்த கிரகாம் பெல்லின் குழு செய்த எச்டி-4 படகு 1919இல் மணிக்கு 114 கி.மீ. வேகத்தைத் தொட்டது.

கற்க என்றால் என் ஓட்டு இ-ஃபாயிலுக்கே. மெதுவாக ஓட்டலாம், ஒரு சார்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும், பெரிய பலகை என்றால் நின்றாலும் மூழ்காது. வேகம்தான் வேண்டும், படகின் பின்னால் வேக்போர்டு ஓட்டிப் பழக்கம் உண்டு என்பவர்கள் தாராளமாக ஜெட்போர்டுக்குப் போகலாம். இனி சொல்வது பெரும்பாலும் இ-ஃபாயிலை வைத்தே. படுத்து, மண்டியிட்டு, நின்று என்ற வரிசை மின்சார ஜெட்போர்டுக்கும் பொருந்தும்.

எழும்பும்போது என்ன நடக்கிறது?

தண்ணீரில் இறங்குமுன் இதைப் புரிந்துகொண்டால் பாதி விழுகை மிச்சம்.

தண்டு 60 முதல் 90 செ.மீ. நீளம் இருக்கும். அதன் அடியில் முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சின்ன இறக்கை, பார்க்கக் குட்டி விமானம் போலவே இருக்கும். மோட்டாரும் புரொப்பெல்லரும் அங்கேயே. வேகம் மணிக்கு 15, 20 கி.மீ. ஆகும்போது முன் இறக்கை பலகையையும் உங்களையும் சேர்த்துத் தூக்கத் தொடங்கும்.

புதியவர்கள் மாட்டுவது அடுத்த விநாடியில். பலகை தண்ணீரை விட்டதும் அதுவரை இழுத்துப் பிடித்திருந்த உராய்வு சட்டென்று குறைகிறது. ட்ரிகர் அதே அழுத்தத்தில் இருந்தாலும் வேகம் தானாகக் கூடும். இறக்கை தரும் தூக்குவிசையோ வேகத்தின் இருமடியில் கூடுவது: வேகம் இரண்டு மடங்கானால் தூக்கல் நான்கு மடங்கு. பலகை மேலும் மேலும் ஏறும், இறக்கை தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்க்கும், அங்கே காற்றை இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். தூக்கல் மொத்தமும் போய்ப் பலகை மூக்குக் குப்புற விழும்.

ஆகவே எழும்பும் அந்த நேரத்தில் ட்ரிகரை ஒரு நூல் தளர்த்தி, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் முன்காலுக்குக் கொண்டுவர வேண்டும். பயத்தில் விரல் இறுகுவது இயல்பு. அந்த இயல்பை மாற்றுவதற்குத்தான் பயிற்சி.

முதலில் வாடகை, அப்புறம் விலை

நல்ல இ-ஃபாயில் ஒன்று ஐந்தாயிரம் அமெரிக்க டாலரில் தொடங்கிப் பன்னிரண்டாயிரத்தையும் தாண்டிப் போகிறது. இறக்குமதி செய்தால் சுங்க வரி தனி. எனவே முதலில் பயிற்சி மையத்துக்குப் போங்கள். துபாய், மாலத்தீவு ரிசார்ட்டுகள், ஆஸ்திரேலியக் கடற்கரைகள் போன்ற இடங்களில் மணிக்கணக்கில் பயிற்சியாளரோடு வாடகைக்குக் கிடைக்கிறது.

பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேளுங்கள். புரொப்பெல்லரைச் சுற்றி வளையக் காப்பு இருக்கிறதா? புதியவருக்கு மோட்டாரின் சக்தியைக் குறைத்து வைப்பார்களா? அநேக ரிமோட்டுகளில் அந்த வசதி உண்டு. உங்கள் எடைக்குப் போதிய பெரிய பலகை இருக்கிறதா? பலகை எவ்வளவு பாரத்தை மிதக்கவைக்கும் என்பதை அதன் கன அளவால், லிட்டரில் சொல்வார்கள். 75 கிலோ ஆளுக்கு 100 லிட்டருக்கு மேல் இருந்தால் நிம்மதி. பயிற்சியாளர் கூடவே படகிலோ இன்னொரு பலகையிலோ வருவாரா, கரையில் நின்று கையசைப்பாரா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே அந்த மையத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

இடமும் நேரமும்

தண்டும் இறக்கையும் நீருக்குள் ஏறக்குறைய முக்கால் மீட்டர் தொங்குவதால் ஒன்றரை மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் மோட்டாரைப் போடவே கூடாது. தரை தட்டினால் பலகை நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள், முன்னால் பறந்து விழுவீர்கள். பாறை, பவளம், நட்டு வைத்த கழிகள் உள்ள இடங்களைத் தவிருங்கள்.

சென்னை, கோவளம் மாதிரியான வங்கக் கடலோரத்தில் அலை கரையை ஒட்டியே உடைகிறது. சர்ஃபருக்கு அது வசதி, 25, 30 கிலோ பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் புதியவருக்குத் தொல்லை. அதோடு வலைகள். தண்ணீரில் தெர்மாகோல் துண்டோ பிளாஸ்டிக் கேனோ வரிசையாக மிதந்தால் அடியில் வலை கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிப் போங்கள். புரொப்பெல்லரில் வலையின் இழை சுற்றினால் உங்கள் நாள் முடிந்தது, அந்த மீனவருக்கு நஷ்டமும் கூட.

பாக் விரிகுடா பக்கம் தண்ணீர் தட்டையாக இருக்கிறதே, ராமேஸ்வரத்தில் கைட் சர்ஃபிங் கூட நடக்கிறதே என்று கேட்கலாம். ஆழம் குறைந்த அந்தக் கடல் கடற்புல் வளரும் இடம், கடற்பசு மேயும் இடம். 2022இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கி.மீ. பரப்பை அங்கே கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. கடற்பசு மூச்சு வாங்க மேலே வரும் பிராணி. சத்தமில்லாமல் வரும் புரொப்பெல்லர் அதற்குத் தெரியாது. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பல நாடுகளில் இதை மோட்டார் படகு அல்லது ஜெட் ஸ்கீ கணக்கில் சேர்க்கிறார்கள். குளிப்பவர்கள் உள்ள பகுதிக்குள் நுழையத் தடை, குறைந்தபட்ச வயது, பதிவு, உரிமம் என்று ஊருக்கு ஊர் விதி மாறும். உள்ளூர்த் துறைமுக அலுவலகத்திலோ கடலோரக் காவலிலோ விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

நேரம் என்றால் அதிகாலை. ஒரே எச்சரிக்கை, அந்நேரம் வீசும் கரைக்காற்று உங்களைக் கடலை நோக்கித் தள்ளும். கரையில் நிற்பவருக்குத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரியும், திரும்பி வரும்போதுதான் காற்று தெரியும். போகும்போது எப்போதும் காற்றை எதிர்த்தே போங்கள், வரும்போது அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பேட்டரி பாதிக்கு வந்ததும் திரும்பிவிட வேண்டும்.

உடம்புக்கு என்ன?

ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட் இரண்டும் கட்டாயம். ஜாக்கெட் மிதக்க மட்டும் போதாது, விலாவில் அடிபடாமல் தாங்கும் தடிமனான ஸ்போர்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும். முழுக்கை ரேஷ்கார்டு (உடம்போடு ஒட்டும் நீச்சல் மேல்சட்டை) வெயிலையும் உராய்வையும் பார்த்துக்கொள்ளும். முழங்காலில் நெடுநேரம் நிற்கப் போவதால் முழங்காலை மூடும் கால்சட்டை நல்லது. நீச்சல் தெரியாதவர் முதலில் நீச்சல் கற்க வேண்டும். ஜாக்கெட் இருக்கிறதே என்ற சமாதானம் இங்கே செல்லாது.

கரையில்: திருகும் ரப்பரும்

வாடகைப் பலகை தயாராக வரும். சொந்தமாக வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டக் கூடாது.

தண்டு பெரும்பாலும் அலுமினியம் அல்லது கார்பன், திருகுகள் எஃகு அல்லது டைட்டானியம். வேறு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் ஒட்டி இருந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். வெள்ளைப் பொடி பூத்து, சில வாரங்களில் திருகு இறுகிப்போய், கடைசியில் தலை வழுக்கிவிடும். தடுக்க ஒரே வழி, ஒவ்வொரு முறையும் திருகின் மரையில் கடல் உபயோகத்துக்கான கிரீஸ் தடவி மாட்டுவதும், ஓட்டி முடித்ததும் கழற்றிவிடுவதும். இறக்கையை மாட்டிவிட்டு ஆட்டிப் பாருங்கள். மில்லிமீட்டர் ஆட்டம் கூட இருக்கக் கூடாது. இறக்கையின் விளிம்பு கூர்மையானது, தூக்கும்போது உறையோடு தூக்குங்கள்.

அடுத்து பேட்டரி அறையின் மூடி. அதைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையத்தில் விரலை வைத்து முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். ஒரு மணல் துகளோ ஒரு முடியோ இருந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். துடைத்து, தயாரிப்பாளர் சொல்லும் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகப் பூசி மூடுங்கள்.

ரிமோட்டை இணைத்து, மணிக்கட்டுப் பட்டையை மாட்டி, ட்ரிகரை விட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் காந்தச் சாவி உண்டு, ஆள் விழுந்ததும் அது பிடுங்கிக்கொண்டு மோட்டாரை நிறுத்தும். இருந்தால் மறக்காமல் கட்டுங்கள். புரொப்பெல்லர் சுற்றுகிறதா என்று கரையில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். பக்கத்தில் நிற்பவரின் விரல் அதைவிட முக்கியம்.

தண்ணீரில்: படிப்படியாக

படி 1: இறங்குவது. இடுப்பளவுக்கு மேல் ஆழம் வரும்வரை பலகையைப் பக்கவாட்டில் படுத்த நிலையில் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு போய், அங்கே நிமிர்த்துங்கள். ஏறிப் படுத்து, கையால் துடுப்புப் போட்டு ஆழமான பகுதிக்குப் போங்கள். அதுவரை ரிமோட் பூட்டியே இருக்கட்டும்.

படி 2: படுத்தபடி. நெஞ்சைப் பலகையின் நடுவில் வைத்து, ஒரு கையால் ஓரத்தைப் பிடித்து, மிகக் குறைந்த சக்தியில் ட்ரிகரைத் தொடுங்கள். புதிதாக ஸ்கூட்டி ஓட்டும் பிள்ளை ஆக்சிலரேட்டரை விருட்டென்று முறுக்குவதுபோல் விரல் முதலில் வெடுக்கென்று இழுக்கும். பலகை துள்ளும். எல்லாருக்கும் இது நடக்கும். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போய்ப் பழகுங்கள். பிறகு மெல்லக் கூட்டி, மெல்லக் குறைத்து, முழுக்க விடாமல் வேகத்தைத் தாழ்த்திப் பாருங்கள். பாரத்தை ஒரு பக்கம் சாய்த்தால் பலகை அந்தப் பக்கம் திரும்பும். பெரிய வட்டங்கள் போடுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் இதை அவசரமாக முடித்தவர்கள்தான் படி 5இல் திணறுகிறார்கள்.

படி 3: மண்டியிட்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே முழங்கால்களை நடுவுக்கு இழுத்து எழுங்கள். தாழ்ந்த நிலை என்பதால் விழுந்தாலும் வலிக்காது. வேகத்தை மெல்லக் கூட்டினால் பலகையின் அடியில் ஓடும் படபட ஓசை சட்டென்று நின்று, ஒரு கண அமைதி வரும். எழும்புகிறீர்கள் என்று அர்த்தம். உடனே ட்ரிகரைத் தளர்த்தி இறங்கிவிடுங்கள். அந்த அமைதியைக் காது முதலில் அடையாளம் காணும், கால் பிறகுதான்.

படி 4: நிற்பது. நின்றபடி புறப்பட முயல வேண்டாம். ஓடும் பலகை ஓடாத பலகையைவிட நிலையாக இருக்கும். மண்டியிட்டு ஓடும்போது முன்காலைத் தண்டுக்கு முன்னால் ஊன்றி, பின்காலைத் தண்டு இருக்கும் இடத்துக்கு நேர்மேலே கொண்டுவாருங்கள். முழங்கால் மடங்கி இருக்கட்டும், பாரத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் முன்காலில். கண் கரையையோ தொலைவில் ஒரு மரத்தையோ பார்க்க வேண்டும். காலைப் பார்த்தீர்களானால் அங்கேதான் விழுவீர்கள். எழும்பாமல், நீர்மேலேயே நின்றபடி நன்றாகச் சுற்றுங்கள்.

படி 5: பறப்பது. வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். இறக்கை தூக்க ஆரம்பித்ததும் பாரத்தை ஒரு சிட்டிகை பின்னுக்குக் கொடுத்தால் பலகை எழும். எழுந்ததுமே ட்ரிகரைத் தளர்த்தி, பாரத்தை முன்னுக்குக் கொண்டுவந்து, மறுபடி நீரில் இறக்கிவிடுங்கள். ஒரு சாண் உயரம், சில விநாடி, இறக்கம். இந்தக் குட்டித் தாவல்கள் பழகியபின் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். உயரத்தைப் பாதத்தால் சரிசெய்ய வேண்டும், விரல் வேகத்தை மட்டும் நிலையாக வைத்திருக்க வேண்டும். இரண்டாலும் ஒரே நேரத்தில் திருத்தினால் பலகை மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் வந்தால் இறங்கி மறுபடி தொடங்குவதே நல்லது. தண்டின் பாதி உயரம் போதும், முழுத் தண்டும் வெளியே தெரிய ஓட்டுவது படத்துக்கு அழகு, அவ்வளவே.

படி 6: திரும்புவது. தோளைத் திருப்பினால் இடுப்பும் பாதமும் பின்தொடரும். விரல்நுனிப் பக்கமோ குதிகால் பக்கமோ மெல்லச் சாய்த்து அகலமான வளைவு எடுங்கள். வளைவில் இறக்கை சாய்வதால் மேல்நோக்கிய தூக்கல் கொஞ்சம் குறையும், அங்கே மட்டும் ட்ரிகர் ஒரு துளி கூடலாம்.

விழுவதும் ஒரு பாடம்

விழத்தான் போகிறீர்கள். எப்படி என்பதைக் கரையிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சமநிலை போய்விட்டது என்று தெரிந்ததும் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ட்ரிகரை விடுங்கள், பலகையிலிருந்து விலகிப் பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோ தட்டையாக விழுங்கள். தலைகீழாகப் பாயக் கூடாது, அடியில் ஆழம் தெரியாது, இறக்கை எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. மேலே வரும்போது ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டியபடி வாருங்கள்.

ஒரு நல்ல செய்தி: ரிமோட்டின் ரேடியோ அலை தண்ணீருக்குள் வெகுதூரம் போகாது. கை மூழ்கியதுமே தொடர்பு அறுந்து மோட்டார் நின்றுவிடும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதை நம்பி விரலை இறுக்கியபடி விழாதீர்கள், கை தண்ணீருக்கு மேலேயே இருந்தால் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பலகை நின்றதும் பின்பக்கம் வழியாக ஏறாமல் பக்கவாட்டில் ஏறுங்கள். தூரத்தில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் பலகையை விட்டு நீந்த வேண்டாம். அது மிதக்கும், படகுக்காரர் கண்ணுக்கும் அதுதான் தெரியும். படுத்துத் துடுப்புப் போட்டு வாருங்கள்.

ஓட்டி முடித்தபின்

பேட்டரியைக் கழற்றுமுன் பலகையின் மேல்பக்கத்தையும் மூடியையும் துடைத்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் திறந்த மறுகணம் உப்புத் தண்ணீர் மின்முனைகளில் சொட்டும். அப்புறம் தண்டு, இறக்கை, மோட்டார், ரிமோட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மோட்டார் அச்சில் நூல், முடி, கடற்பாசி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

சுமார் இரண்டு கிலோவாட் மணி கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரி விளையாட்டுப் பொருளல்ல. சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடாதீர்கள், ஆற விடுங்கள். ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவோ, வெயிலில் நிற்கும் காரில் வைக்கவோ கூடாது. சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுதாக நிரப்பியோ அடியோடு காலியாகவோ வைத்தால் ஆயுள் குறையும். கீழே விழுந்த, வீங்கிய, உள்ளே தண்ணீர் போன பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

பழைய பலகை வாங்குபவர்கள் பேரம் பேச வேண்டியதும் பேட்டரியை வைத்துத்தான். எத்தனை முறை சார்ஜ் ஏறியது என்பதைப் பல மாடல்களில் செயலியே காட்டும். பளபளப்பான பலகையைவிட அந்த எண்ணைப் பாருங்கள். கூடவே தண்டின் திருகுகளைக் கண்முன்னால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற வரவில்லை என்றால் விலையைக் குறைக்கக் கேட்பதைவிட வேறு பலகை தேடுவது நல்லது.

வெளிநாட்டுக்கு எடுத்துப் போக நினைப்பவர்களுக்கு: பயணிகள் விமானத்தில் 160 வாட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிகளை ஏற்ற மாட்டார்கள். இது அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். பலகையும் இறக்கையும் பெட்டியில் வரும், பேட்டரி வராது. போகும் ஊரில் அதே மாடலுக்குப் பேட்டரி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். கிடைக்காத ஊர் என்றால் முழுப் பலகையையும் அங்கேயே வாடகைக்கு எடுப்பது செலவு குறைவு.